பரீட்சை அண்ணாச்சியின் நாலாவது கணக்கு

அறுபதுகளில் தாராவியில் படித்தவன் என்று பெயர் எடுத்த எவனும் பரீட்சை அண்ணாச்சியிடம் மாட்டாமல் தப்பியதில்லை. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மாட்டினார். உபதேசியார் மாட்டினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாட்டினார். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் கையெடுத்துக் கும்பிட்ட கும்பிடை இறக்குவதற்குள் மாட்டினார். அதன்பிறகு அவர் எங்கள் சந்துக்குள் தலைகாட்டவில்லை. இந்தச் சந்தின் ஓட்டு மொத்தமும் எதிராளிக்கே போகட்டும் என்று விட்டுவிட்டதாகக் கேள்வி.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சந்து முனையில் கரிக்கடை வைத்திருந்தார். அடுப்புக்கரி, விறகு, கரித்தூள் உருண்டை, மூன்றும் கிடைக்கும். காலையில் கடை திறக்கும்போது வெள்ளையாக இருக்கிற சட்டை மத்தியானத்துக்குள் கரியோடு கரியாகிவிடும். அதில் கடைசிவரை வெள்ளையாக இருப்பது மார்புப் பை ஒன்றுதான். அந்தப் பைக்குள் ஒரு கேள்வித்தாள் நாலாக மடித்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இருக்கும். அதை எடுப்பதற்கு முன் அண்ணாச்சி இரண்டு கைகளையும் தண்ணீரில் கழுவி, துண்டில் துடைத்து, வெயிலில் விரித்து உலர்த்துவார். கரி வாங்க வந்தவர்கள் அவர் கை கழுவுவதைப் பார்த்ததுமே நகர ஆரம்பிப்பார்கள்.

எட்டாம் வகுப்பில் சேர்வதற்கான பரீட்சைத் தாள் அது. எங்கள் பக்கத்து முனிசிபாலிட்டிப் பள்ளியில் ஏழாவது வரைதான் தமிழில் உண்டு. அதற்குமேல் படிக்க வேண்டுமானால் மாட்டுங்காவில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். அங்கே சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வாசிப்பு ஒன்று, கணக்கு ஒன்று என்று இரண்டு பரீட்சை. இரண்டிலும் முப்பத்தைந்து மார்க் வாங்க வேண்டும். வாசிப்பில் நூற்றுக்கு நூறு வாங்கி, கணக்கில் முப்பத்துநாலு வாங்கினாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

வாசிப்புப் பகுதியில் தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. தோல் ஷாப்புகளின் நாற்றத்துக்குப் பயந்து தாராவிக்குள் ஒரு தேனீகூட வந்ததில்லை. ஆனாலும் தேனீ எங்கே வசிக்கிறது, எதற்காக உழைக்கிறது, எத்தனை மலர்களைத் தேடிப் போகிறது என்பதெல்லாம் எங்கள் சந்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அத்தனை பேர் வாசித்து, அத்தனை தடவை காதில் விழுந்திருக்கிறது.

பிச்சம்மாள் அக்கா ஒருத்திதான் துணிச்சலாகப் பேசுவாள். எங்கள் கோலிக்கு, அதாவது நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த அறைக்கு, எதிர் அறைக்காரி. இட்லி அவித்து விற்பவள். அவளிடம் அண்ணாச்சி ஒரே ஒரு தடவை தாளை நீட்டினார்.

"அண்ணாச்சி, எனக்கு ஆனா ஆவன்னாவே தெரியாது. மொதல்ல கரியப் போடும். எங்க வீட்டுக்காரரு சாப்பாட்டுக்கு உக்காந்துட்டு தேனீ எங்க வசிக்குதுன்னா கேக்கப் போறாரு?"

அண்ணாச்சி தாளை மடித்துவிட்டார். படிக்காதவர்களை அவர் தொந்தரவு செய்வதில்லை. பார்த்தால் படித்தவர்போல் இருக்க வேண்டும். பேனா வைத்திருந்தால் நிச்சயம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் விறகைப் போட்டுவிட்டு ஓடிவருவார்.

உபதேசியாரை அவர் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்தவர், அண்ணாச்சி பிடித்திருந்த தாளைப் பார்த்துத் தேனீப் பத்தியைக் கணீரென்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். சந்தே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. பின்வரிசையில் ஒரு கிழவி ஆமென் சொன்னாள். அண்ணாச்சி மட்டும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"முற்றுப்புள்ளி எங்கவே போச்சு? மூணு எடத்துல நிக்கணும். நீரு ஒரு எடத்துலயும் நிக்கல. வேதத்த வாசிக்கிற ராகத்துல தேனீய வாசிச்சா அது பாட்டு வே, வாசிப்பு இல்ல."

"சபையில முப்பது வருசமா வாசிக்கேன் அண்ணாச்சி."

"அங்க மார்க்கு போட ஆளில்ல."

விறகு லாரியோடு வரும் முக்காதம் மராட்டிக்காரர். கூலியாட்களுக்கு மேஸ்திரி. தமிழ் தெரியாது. ஆனால் காதில் பென்சில் செருகியிருப்பார். அந்தப் பென்சிலுக்காக அண்ணாச்சி கேள்வியை இந்தியில் மொழிபெயர்த்தார்.

"தீன் குவிண்டால் பீஸ் கிலோ சாவல். ஏக் குவிண்டால் பைந்தீஸ் கிலோ பேச் தியா. கித்னா பச்சா?"

மூன்று குவிண்டால் இருபது கிலோ அரிசியில் ஒரு குவிண்டால் முப்பத்தைந்து கிலோ விற்றுவிட்டால் மீதி எவ்வளவு என்று கேள்வி. கணக்குப் பகுதியில் நாலாவது. முக்காதம் பென்சிலை எடுக்கவே இல்லை.

"கித்னா பி பச்சே, உஸ்மே மேரா கித்னா?"

எவ்வளவு மிஞ்சினாலும் அதில் என் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்டதும் கூலியாட்கள் சிரித்தார்கள். கேள்விக்குப் பதில் கேள்வி கேட்டதற்காக அண்ணாச்சி அவருக்கு முட்டை போட்டார்.

மாப்பிள்ளை கதைதான் பெரிய கதை. செம்பூரிலிருந்து வந்தவர். எஸ்.எஸ்.சி. பாஸ், ஏதோ கம்பெனியில் கிளார்க். பிச்சம்மாள் அக்காவின் தங்கச்சி மகளைப் பார்க்க வந்திருந்தார். சுக்குக்காப்பி கொடுத்து, பெண் வந்து நின்று, மாப்பிள்ளை தலைநிமிர்ந்த நேரத்தில் வாசலில் அண்ணாச்சி ஈரக்கையை உதறிக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளை பம்பாயில் பிறந்தவர். தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. கணக்கை நிமிஷத்தில் போட்டுவிட்டார். தேனீப் பத்தியில்தான் சிக்கிக்கொண்டார். "தே... னீ... க்... கள்" என்று ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினார். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பெண் முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல் உள்ளே ஓடினாள்.

"வாசிப்புல ஃபெயில். கணக்குல பாஸ். ரெண்டும் வேணும்," என்றார் அண்ணாச்சி.

"நாங்க என்ன இவர எட்டாப்புலயா சேக்கப் போறோம்?" என்று பிச்சம்மாள் அக்கா சீறினாள். கல்யாணம் நடந்தது. பெண்டாட்டிதான் அவருக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் நான் தூரத்தில் நின்று பார்த்தவன். ஊரில் நாலாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, தோல் ஷாப்பில் வேலைக்கு வந்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது. வாராவாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்கி எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும் அளவுக்குப் பழகியிருந்தேன். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் போய்வருவதைப் பார்த்து, நான் நிறையப் படித்துவிட்டு ஏதோ கஷ்டத்தால் தோல் ஷாப்புக்கு வந்தவன் என்று சந்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை மறுத்துச் சொல்ல வாய் திறக்க வேண்டும். அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தப் பேச்சு அண்ணாச்சி காதுக்கும் போயிருந்தது. கடையைத் தாண்டும்போதெல்லாம் என் கக்கத்தையே பார்ப்பார். நான் கரி வாங்க மாட்டுங்கா வரை நடந்துபோய் வருவேன். பிச்சம்மாள் அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏ தம்பி, சந்து முனையில கடைய வச்சிக்கிட்டு எங்கிருந்து கரி சொமந்துட்டு வாரிய?"

நான் தலையைக் குனிந்தேன்.

"பரீட்சைக்குப் பயமா? அது யாரு எழுதுன பரீட்சை தெரியுமா ஒமக்கு?"

அப்போதுதான் அவள் சொன்னாள். அது அண்ணாச்சியின் மகள் பூங்கனி எழுதிய பரீட்சையின் கேள்வித்தாள். தாயில்லாத பிள்ளை. ஆறு வயதிலிருந்து அப்பனோடு கரிக்கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். ஏழாவது முடித்ததும் மாட்டுங்காப் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டாள். வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அண்ணாச்சி சந்தில் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "பாஸானா படிக்கட்டும். ஃபெயிலானா கட்டிக் குடுத்துருதேன். என் பேச்சுல மாத்தமில்ல."

வாசிப்பில் எண்பத்தொன்று. கணக்கில் முப்பத்துமூன்று.

"அன்னிக்கு அவ அழக்கூட இல்ல தம்பி. இவருதான் இதே எடத்துல நின்னு, 'ஒம் மண்டைக்குள்ள இருக்கது மூளையில்லட்டி, கரி'ன்னாரு. வைகாசியில ஊர்ல கொண்டுபோயி சொந்தத்துல ஒருத்தனுக்குக் கட்டி வச்சாரு. மறுவருசம் மொதப் பிரசவத்துலயே போயிட்டா. பதினஞ்சு வயசு. சாவுக்கு ஊருக்குப் போனவரு எட்டாம் நாளு திரும்பி வந்து கடையத் தொறந்தாரு. அவ டிரங்குப் பெட்டியில கெடந்ததாம் அந்தப் பேப்பரு. அன்னிக்குப் புடிச்ச கிறுக்கு. எம் புள்ள நெசமாவே மக்குதானான்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியுதாரு."

அன்றிலிருந்து நான் அவரை வேறு கண்ணால் பார்த்தேன். முன்பு பிடிபடாத ஒன்று பிடிபட்டது. யார் எழுதினாலும் அண்ணாச்சி முதலில் பார்ப்பது நாலாவது கணக்கைத்தான். ஒரு குவிண்டால் எண்பத்தைந்து கிலோ என்று சரியாகப் போட்டிருந்தால் "பாஸ்" என்பார். சாவுச் செய்தி சொல்வதைப்போலச் சொல்வார். வேறு ஏதாவது கண்டபடி போட்டிருந்தாலும் முகம் தெளியாது. சரியானாலும் தப்பானாலும் திருப்தி இல்லாத வாத்தியாரை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

ஆனாலும் மாட்டுங்காவுக்கு நடப்பதை நான் நிறுத்தவில்லை. இரக்கம் வேறு, பயம் வேறு.

கடைசியில் என்னை மாட்டிவிட்டது மழை. ஆடி மாதம், மத்தியானம். பம்பாய் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. சந்துக்குள் நுழைந்தபோது வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. சாக்கடை நிரம்பி முழங்கால் அளவு தண்ணீர். பத்திரிகை நனைந்துவிடக் கூடாதே என்று கண்ணில் பட்ட முதல் தகரக் கூரைக்குள் ஓடினேன். நிமிர்ந்து பார்த்தால் கரி மூட்டைகள். உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம். அண்ணாச்சி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வாரும். உக்காரும். மழ இப்ப விடாது."

மூட்டைமேல் உட்கார்ந்தேன். அவர் துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். வெயில் இல்லாததால் கையை வாயால் ஊதி உலர்த்தினார். தாளை விரித்து, ஒரு ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு என் முன்னால் பிடித்தார். தேனீப் பத்தியை வாசித்தேன். எத்தனை பேர் எங்கே தவறினார்கள் என்று தெரியும் அல்லவா, மூன்று இடத்திலும் நின்றேன்.

"பாஸ்," என்றார். "இப்பம் கணக்கு."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தையும் பென்சில் துண்டையும் தந்தார். முதல் மூன்றும் எப்படியோ வந்தன. நாலாவதுக்கு வந்தபோது நெற்றியில் வேர்த்தது. இருபதில் முப்பத்தைந்து போகாது. பக்கத்தில் கடன் வாங்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. வாங்கினேன். கழித்தேன். ஒரு குவிண்டால் இருபத்தைந்து கிலோ என்று எழுதிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி அதைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். காலண்டர் தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தன வே? வாயால சொல்லும்."

"இருபத்தஞ்சு."

"எண்பத்தஞ்சு இல்லையா?"

"தப்பாப் போச்சா அண்ணாச்சி?"

"தப்பு கெடக்கட்டும். எங்கேருந்து வந்துச்சு இந்த இருபத்தஞ்சு? எனக்குச் சொல்லும். மெதுவாச் சொல்லும்."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அண்ணாச்சிக்கு எழுத்து தெரியாது. எண்ணின் உருவம் தெரியும், தாள் முழுவதும் கேட்டுக் கேட்டு மனப்பாடம், அவ்வளவுதான். காகிதத்தில் கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்ன என்று அவர் அறிந்ததே இல்லை. வாழ்நாளெல்லாம் அவர் கூட்டியதும் கழித்ததும் தராசில், இரும்புப் படிக்கற்களை வைத்தும் எடுத்தும்தான்.

"இருபதுல முப்பத்தஞ்சு போவாது அண்ணாச்சி. அதனால பக்கத்து மூணுலேருந்து ஒண்ணு கடன் வாங்கணும். ஒண்ணு வாங்கினா நாப்பது. நாப்பதும் இருபதும் அறுவது. அறுவதுல முப்பத்தஞ்சு போனா இருபத்தஞ்சு."

"ஒண்ணு வாங்கினா நாப்பதுன்னு ஆரு சொன்னா?"

"எங்க ஊரு வாத்தியாரு. வீசைக்கு நாப்பது பலம்ல? நிறுவைக் கணக்குன்னா நாப்பதுதான் கடன் வாங்கணும்னு சொல்லிக் குடுத்தாரு." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "குவிண்டாலுக்கு நூறு கிலோன்னு மறந்துட்டேன் அண்ணாச்சி. நான் நாலாப்புதான் படிச்சிருக்கேன். அப்ப கிலோ கிடையாது."

இத்தனை நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. நாலாப்பு என்பதையும் சொல்லிவிட்டேன். ஏமாற்றிவிட்டாயே என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் தாளின் ஓரத்தில் அழுத்தியிருந்த கட்டைவிரலை எடுத்தார். அங்கே பென்சிலால் சின்னச் சின்ன எண்கள். வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்கலாம் என்று பிள்ளைகள் பரீட்சையிலேயே குறித்துக்கொண்டு வருவார்களே, அதுபோல. நாலாவது கணக்குக்குப் பக்கத்தில் 1 குவிண்டால் 25 கிலோ என்று இருந்தது. அழகான கையெழுத்து.

"அவ விடை எழுதுன தாளப் பள்ளிக்கூடத்துல திருப்பிக் குடுக்கல. எப்படிப் போட்டான்னு பாக்க வழியில்ல. இத மட்டும் ஏழாப்பு வாத்தியாருட்ட காட்டுனேன். போட்டதுல இது ஒண்ணுதான் தப்பு, மிச்சம் போட நேரம் பத்தல, இருபத்தஞ்சு எப்படி வந்துச்சோ தெரியல, கவனமில்லன்னாரு. அஞ்சு மார்க்கு கணக்கு. ரெண்டு மார்க்குல போச்சு. வேற ஒருத்தருட்டயும் இதக் காட்டல. எம் மவ தப்ப ஊருக்குக் காட்டிச் சிரிக்க வைக்கணுமா? வேற ஆராவது இருபத்தஞ்சுன்னு போடுதாவளான்னு பாத்தேன். ஒருத்தரும் போடல. எல்லாம் படிச்ச ஆளுவ."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் மூலையில் கிடந்த சாக்கை விலக்கினார். பழைய படிக்கற்கள். சேர், அரைச்சேர், கால் சேர். கிலோ வந்த பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியும் அவர் ஒளித்து வைத்திருந்தவை. ஒரு சேர் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"'நாப்பது சேருக்கு ஒரு மணு. மறக்காதட்டி, எங்க போனாலும் மறக்காத'ன்னு ஆறு வயசுலேருந்து தலையில குட்டிக் குட்டி நாந்தான் சொல்லிக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துலயும் அதத்தான் சொல்லிக் குடுத்திருக்கான். கடைசி வருசந்தான் கிலோவுக்கு மாத்துனான்."

என் பக்கம் திரும்பினார்.

"அப்பம் அவ மக்கு இல்ல," என்றார்.

"இல்ல அண்ணாச்சி."

"சொன்னத மறக்காமத்தான் போட்டிருக்கா."

கல்லைத் தடவினார். பிறகு, யாரிடமும் சொல்லாததைப்போல, "அப்பம் நாந்தான்," என்றார்.

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்கள். காலத்தின் மேல் பழியைப் போட்டிருப்பார்கள், பள்ளிக்கூடத்தின் மேல் போட்டிருப்பார்கள், விதியின் மேல் போட்டிருப்பார்கள். இத்தனை வருஷம் கழித்து எனக்கு எத்தனையோ வார்த்தைகள் வருகின்றன. அன்று நான் பத்திரிகையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தேன். மழை குறைந்தபோது எழுந்தேன்.

"இரும் வே," என்றார். என் காலண்டர் தாளை எடுத்து, நாலாவது கணக்குக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "அஞ்சுக்கு அஞ்சு. நீரு பாஸ்."

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பரீட்சை வைக்கவில்லை. சட்டைப் பையும் மற்ற இடங்களைப்போலக் கறுத்துப் போனது. முதல் வாரம் சந்துக்கே நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரம் உபதேசியார் கடைக்கு முன்னால் இரண்டு தடவை வேண்டுமென்றே நடந்து பார்த்தார். லாரியோடு வந்த முக்காதம் காதிலிருந்து பென்சிலை உருவிக் காட்டி, "ஆஜ் இம்திஹான் நஹி, சேட்?" என்று, இன்றைக்குப் பரீட்சை கிடையாதா எனக் கேட்டார். அண்ணாச்சி விறகை எண்ணிக்கொண்டே இருந்தார்.

"நான் எவ்வளவு திட்டியிருந்தாலும், அந்தத் தேனீ சத்தம் இல்லாம என்னவோபோல இருக்கு தம்பி," என்றாள் பிச்சம்மாள் அக்கா.

அவர் அதற்குமேல் மூன்று மழைக்காலம் இருந்தார். பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. கரி கேட்டால் நிறுத்துக் கொடுப்பார், தராசு முள்ளைப் பார்க்காமலேயே. அதற்குள் வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் அடுப்பு வந்துவிட்டது. எங்கள் கோலியிலும் ஒன்று வாங்கினோம். கரிக்கு வேலையே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அண்ணாச்சி கடைக்குப் போய், அதே மூட்டைமேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். வரும்போது இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வருவேன். கூட இருந்தவர்கள் என்னைக் கிறுக்கன் என்றார்கள். கட்டிலுக்கு அடியில் இடமில்லாமல் போய், பரண் நிறைந்து, துணிமணியெல்லாம் கரியான பிறகும், அந்த மனிதர் கடையைத் திறந்துவைத்திருந்த வரைக்கும் நான் வாங்குவதை நிறுத்தவில்லை.